பழைய மோரிஸுக்கு ஆல்டர்னேட்டர்

நேயர்களே, வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்து, மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலையடிவாரத்திலிருந்து மழையில் கியூர்பிப் திரும்பியவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். அப்பா விட்டுப்போன மோரிஸ் மைனரில் ஒரு வருஷம் அப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது. டாஷ்போர்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு மட்டும் அணையவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. ஹெட்லைட் அகல்விளக்காகச் சுருங்கியது. கடைசியில் எஞ்சினும் அடங்கிவிட்டது. பின் சீட்டில் அம்மா, மடியில் பால்குடம். முன்பின் தெரியாத நாலு பேர் மழையில் இறங்கித் தள்ளினார்கள். அவர்களை நான் மறக்கவே இல்லை.

காரில் ஒரு பழுதும் இல்லை. எஞ்சினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் குணமே அது. அந்த லூக்காஸ் டைனமோ வேகமாகச் சுற்றினால் 22 ஆம்பியர் வரை தரும். கார் நின்று உறுமும்போது அநேகமாக ஒன்றும் தராது. அதே வேலையைச் செய்யும் பிற்காலக் கருவியான ஆல்டர்னேட்டர் அப்போதும் சார்ஜ் செய்யும். 36 ஆம்பியர் தரும் லூக்காஸ் 17 ஏசிஆர் ஒன்றை வாங்கினேன்.

வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள். இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேர்ந்திருக்கும்; இப்படிப் பாடியோடு சேர்ப்பதைத்தான் எர்த் என்கிறோம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் பாடியில். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எல்லாக் கதவும் ஒரேயடியாகத் திறந்து, கண் இமைக்கும் நேரத்தில் கருகிவிடும். நண்பர் ஒருவர் அவசரத்தில் அப்படிக் கொடுத்துவிட்டார். புது ஆல்டர்னேட்டர், ஒரு நொடி, போயிற்று. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஆகவே முதலில் பேட்டரியைத் திருப்பி, மைனஸைப் பாடியோடு சேருங்கள். பிளஸ் முனை சற்றுத் தடிமன், அதனால் கிளாம்புகளையும் மாற்ற வேண்டிவரும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். பழைய ரேடியோ இருந்தால் கழற்றி வையுங்கள். எலெக்ட்ரானிக் பெட்ரோல் பம்பு இருந்தால் அது எந்த எர்த்துக்குச் செய்தது என்று பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் எர்த், பிறகுதான் ஆல்டர்னேட்டர்.

அந்தச் சிவப்பு விளக்கை இனி அலட்சியம் செய்யாதீர்கள். டைனமோ இருந்தவரை அது எச்சரிக்கை மட்டும்தான். இப்போது ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும் முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக இரண்டு. பழைய வயர் 36 ஆம்பியரைத் தாங்காது, சூடேறும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சோலனாய்டின், அதாவது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்சின், பேட்டரிப் பக்கத்துக்குத் தடித்த வயர் ஒன்றை நேராக இழுங்கள். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் தேய்ந்துபோகும். கழற்றிய டைனமோவை எறியாமல் துணியில் சுற்றி வையுங்கள், என்னுடையது அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. வணக்கம்.