நூலைக் காப்பாத்த நூல் போதும்! செல்லோடேப்பைத் தூக்கிப் போடுங்க

(திரையில்: ஒரு படக்கதைப் புத்தகத்தோட நடுப்பக்கம், ரொம்ப நெருக்கமா)

இந்த யானையோட தும்பிக்கை மேல மஞ்சளா ஒரு பட்டை ஓடுது, தெரியுதா? யாரோ நல்ல மனசோட ஒட்டின செல்லோடேப். இந்தப் பக்கத்தைக் கெடுத்ததே அதுதான். எப்படின்னு சொல்றேன். அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னும் காட்டறேன்.

வணக்கம்! அல்சூரோ, சிவாஜிநகரோ, ஸ்ரீராமபுரமோ, பெங்களூருல எங்க இருந்தாலும் வீட்டு வரி ரசீதைக் கையில எடுங்க. வரி 100 ரூபாய்னா அதுக்கு மேல 6 ரூபாய் நூலக வரி. 1965-ல வந்த கர்நாடக பொது நூலகச் சட்டத்தோட ஏற்பாடு இது. வாடகை வீடுன்னாலும் அந்தக் காசு உங்க வாடகைக்குள்ளதான் இருக்கு. ஆக, உங்க பேட்டைப் பொது நூலகம் உங்களோடது. வரலாறு இவ்வளவு போதும்.

அங்க தன்னார்வலரா போறவங்க எல்லாரும் முதல் நாளே கதை சொல்லத்தான் ஆசைப்படறாங்க. ஆனா பல இடத்துல குழந்தைகள் அலமாரிக்குப் பூட்டு தொங்கும். காரணம் கஞ்சத்தனம் இல்லைங்க. புத்தகம் கிழிஞ்சாலோ தொலைஞ்சாலோ இருப்புக் கணக்கு எடுக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அந்தப் பயத்தைப் போக்கினாதான் பூட்டு திறக்கும். அதனால முதல் நாள் போய், "சார், கிழிஞ்ச புத்தகத்தைக் கொடுங்க, இங்கேயே உக்காந்து தெச்சுத் தர்றோம்"னு கேளுங்க. "நூல்கள் பயன்பாட்டுக்கே"ன்னு 1931-லயே விதி எழுதின நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழியில பிறந்து, இதே பெங்களூருல 1972-ல காலமானவர். இந்த ஊர்ல பூட்டு தொங்கலாமா, சொல்லுங்க!

சரி, செல்லோடேப் என்ன பண்ணுது? அதோட பசை நாளாக நாளாக மஞ்சளாகி, காகிதத்துக்குள்ள ஊறி, எதிர்ப் பக்கத்தையும் பிடிச்சுக்கும். அப்புறம் பிளாஸ்டிக் மட்டும் காஞ்சு உரியும்போது மேல இருக்கிற மையையும் சேர்த்துத் தூக்கிட்டு வரும். இன்னொண்ணு, டேப்போட ஓரம் விறைப்பா இருக்கிறதால பக்கத்தைப் புரட்டப் புரட்ட அந்த ஓரத்துலயே புதுசா கிழியும்.

(திரையில்: கை, ஊசி, நடுவுல விரிச்ச புத்தகம்)

குழந்தைப் புத்தகம் பெரும்பாலும் நடுவுல ரெண்டு ஸ்டேப்ளர் பின் அடிச்சதுதான். மழைக்காலத்துல பின் துருப்பிடிச்சு, சுத்தியிருக்கிற காகிதத்தைத் தின்னுடும். பின்னைப் பிடிச்சு இழுக்காதீங்க. உள்பக்கத்துல மடங்கியிருக்கிற கால் ரெண்டையும் மொக்கைக் கத்தியால நிமித்திட்டு, வெளிப்பக்கமா எடுங்க. இப்ப மடிப்பு மேலயே குத்தூசியால மூணு ஓட்டை: நடுவுல ஒண்ணு, மேலேயும் கீழேயும் ஓரத்துலேர்ந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொண்ணு. துருப்பிடிச்ச பழைய ஓட்டையை விட்டு 1 செ.மீ. நகர்ந்து குத்துங்க. புத்தக உயரத்தைப் போல ரெண்டரை மடங்கு பருத்தி நூல் எடுத்து, மெழுகு தேய்ச்சுக்கோங்க. உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியா வெளியே. மேல் ஓட்டையில உள்ளே. நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டை வழியா வெளியே. மறுபடி நடு ஓட்டையில உள்ளே. உள்ள நீளமா ஒரு தையல் ஓடுதில்ல? நூலோட ரெண்டு முனையும் அதுக்கு ஆளுக்கொரு பக்கமா இருக்கணும். அதை நடுவுல பிடிச்சு முடிச்சுப் போட்டு, 1 செ.மீ. விட்டு வெட்டுங்க.

இறுக்கும்போது நூலை மடிப்போடயே, மேலயும் கீழயுமா இழுக்கணும். உங்களைப் பாத்து இழுத்தீங்க, ஓட்டை கிழிஞ்சிடும். புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது.

கிழிஞ்ச பக்கத்துக்கு மெல்லிசு டிஷ்யூ காகிதமும் மைதா பசையும். ஆனா பளபளன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர்ல பசை ஈரமா இருந்தா பக்கமே சுருங்கி, அடுத்ததோட ஒட்டிக்கும். பசையைக் கெட்டியா, துளி மட்டும் தடவி, ரெண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வெச்சு, ராத்திரி முழுக்கக் கனம் ஏத்தி வைங்க. முக்கியமா, கடையில பைண்டிங் பசை வாங்காதீங்க. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிற வழக்கம் உண்டு. அது விஷம். ரெண்டு வயசுக் குழந்தை புத்தகத்தை வாயிலதான் முதல்ல படிக்கும்! நாமே வீட்டுல மைதாவை மட்டும் காய்ச்சி, ரெண்டு நாள்ல தீத்துடணும்.

இந்த மூணு ஓட்டைத் தையலால புதுப் புத்தகமே பண்ணலாம். பிரதம் புக்ஸ்ங்கிற குழந்தைகள் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் இணையதளத்துல நிறைய கதை தமிழ்லயும் இருக்கு, கன்னடத்துலயும் இருக்கு, அச்செடுக்கவும் அனுமதி உண்டு. கன்னடக் கதையை புக்லெட்டா (ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம் வர்ற மாதிரி) அச்செடுத்து, தமிழ் வரியை வெட்டிக் கீழே ஒட்டுங்க. பக்க எண்ணிக்கை நாலால வகுபடணும். பிரிண்டர்ல ரெண்டு பக்கமும் அச்செடுக்கிற இடத்துல 'ஷார்ட் எட்ஜ்' தேர்ந்தெடுக்கணும், இல்லேன்னா ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் தலைகீழா வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடக்கிறதுதான். தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பூ, ஹூவு. பழைய கன்னடத்துலயும் 'ப'தான், பின்னாலதான் 'ஹ' ஆச்சு. நாலு வயசுக் குழந்தைக்கு இது விளையாட்டு. நாலு சொல் கேட்டிருந்தா போதும், நீங்க "பன்றி"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள "ஹந்தி"ன்னு கத்தும். வீட்டுத் தமிழும் பள்ளிக் கன்னடமும் ஒரே மடியில உக்காரும்.

படிச்சுக் காட்டும்போது பெரியவர் ஒருத்தருக்கு எட்டு குழந்தை, பத்து நிமிஷம். புத்தகம் உங்க முகத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும். "இது என்ன?" "பூனை." "ஆமா, கறுப்புப் பூனை. எங்க, சொல்லு?" அவ்வளவுதான்.

உங்க பேட்டை நூலகத்துல குழந்தைகள் அலமாரிக்குப் பூட்டு இருக்கா? பேட்டைப் பேரோட கமெண்ட்ல எழுதுங்க. ரெண்டு பேர் ஒரே பேட்டையா இருந்தா அங்கேயே பேசிக்கிட்டு, ஊசி நூலோட சேர்ந்து போங்க.