இறங்குவதற்கும் ஒரு தேதி வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சம்பளம் வாங்காமல், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காமல், இணையத்தில் கூடி வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கலைக்களஞ்சியம் எழுதுகிறார்கள், தெருத் தெருவாக வரைபடம் வரைகிறார்கள், யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் மென்பொருளை உருவாக்குகிறார்கள். வேலை பெரிதானால் நன்கொடை வரும், சர்வர் வாங்க வேண்டியிருக்கும், சண்டையும் வரும். அதனால் இவர்களுக்கும் ஒரு நிர்வாகக் குழு தேவைப்படுகிறது, அதற்குத் தேர்தலும் தேவைப்படுகிறது. அப்படி ஒரு குழுமத்தின் நிர்வாகத்தில் நான் இருந்திருக்கிறேன். பிறகு தேர்தல் பொறுப்பையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நிர்வாகக் குழுவில் ஒருவர் தொடர்ந்து எத்தனை காலம் இருக்கலாம்?

ஆண்டுக்கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தாலே கூட்டம் இரண்டாகிவிடும். "நன்றாகத்தானே செய்கிறார், அவரை ஏன் அனுப்ப வேண்டும்?" என்று ஒரு பக்கம். "உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்களே!" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் யாரோ ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசும். விதி அந்த ஆளுக்கு எழுதிய தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். பேச்சு அங்கேயே கெட்டுப்போகிறது.

நான் காலவரம்பு வேண்டும் என்கிற பக்கம். பதவி ஆசை பிடித்தவரைத் துரத்த அந்த விதி அவ்வளவாகத் தேவையில்லை. அவரைத் தேர்தலிலேயே தோற்கடித்துவிடலாம். நன்றாக வேலை செய்கிறவர் விஷயத்தில்தான் தேர்தல் நம்மைக் கைவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒருவர் செயலாளராக வருகிறார். வந்த சில மாதங்களில் வலைத்தளத்தின் டொமைன் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்குகிறது. குழுமத்தின் வங்கிக் கணக்கில் ஏதோ சிக்கல், கார்டு இன்னும் வரவில்லை. பரவாயில்லை என்று தன் கார்டிலேயே கட்டிவிடுகிறார். டொமைன் அவர் பெயரில் பதிவாகிறது. சர்வர் நிறுவனத்தில் கணக்கு தொடங்கும்போது அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கிறார். உள்ளே நுழைய வரும் ஓடிபி அவர் கைபேசிக்குப் போகிறது. வங்கியில் கையெழுத்து அவருடையது. பத்திரிகையாளர் கூப்பிட்டால் பேசுவது அவர், இரண்டு உறுப்பினர்கள் முட்டிக்கொண்டால் இரவெல்லாம் விழித்துச் சமாதானம் செய்வதும் அவர். இதில் எதையும் அவர் பறித்துக்கொள்ளவில்லை. ஆள் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார், அவ்வளவுதான். ஐந்தாறு வருடம் இப்படி ஓடிய பிறகு, அவருக்குக் காய்ச்சல் வந்தால் வலைத்தளத்துக்கும் காய்ச்சல் வரும் என்கிற நிலை வந்துவிடும்.

இப்போது தேர்தல் வருகிறது. அவரை எதிர்த்து யார் நிற்பார்? முகத்தாட்சண்யம் தடுக்கும். இவ்வளவு உழைத்தவரை எதிர்த்து நிற்பது நன்றிகெட்ட செயல் என்று தோன்றும். அவரும் தானாக விலக முடியாது. நான் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கவலை. போட்டியில்லாமல் மறுபடி தேர்வாகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். தன்னார்வலர்கள் உள்ளுக்குள் தீய்ந்துபோவது இப்படித்தான். பிறகு ஒரு நாள் யாரோ சொன்ன ஒரு சின்ன வார்த்தை தாங்காமல், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். காலவரம்பு இருந்திருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே பாராட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இறங்கியிருப்பார். அடுத்த ஆளைத் தேடும் வேலையும் அப்போதே தொடங்கியிருக்கும். அந்த விதி முதலில் காப்பாற்றுவது அவரைத்தான்.

இதைப் பெரிய அளவில் யோசித்து எழுதியவர்கள் டெபியன் காரர்கள். 1993ல் தொடங்கிய கணினி இயங்குதளத் திட்டம் அது. 1998ல் தங்களுக்கென்று ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். திட்டத் தலைவருக்கு ஆண்டுதோறும் தேர்தல். வாக்காளர் வேட்பாளர்களைத் தன் விருப்ப வரிசைப்படி அடுக்கலாம். அந்த வரிசையில் "இவர்களில் யாரும் வேண்டாம்" என்பதற்கும் ஓர் இடம் உண்டு. யார் வென்றாலும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாக்காளர்கள் "யாரும் வேண்டாம்" என்பதற்கு மேலே அவரை வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை உறுப்பினர் தொகையின் வர்க்கமூலத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1000 பேர் இருந்தால் 48 பேர் போதும். சம்பளமில்லாத இடத்தில் பாதிப் பேர் வாக்களிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்து விதி எழுதினால் தேர்தலே நடக்காது. அதைப் புரிந்துகொண்ட கணக்கு இது.

தலைவருக்கு ஆண்டுத் தேர்தல் இருந்ததே தவிர, தொழில்நுட்பச் சர்ச்சைகளைத் தீர்க்கும் குழுவுக்குக் காலமே கிடையாது. நியமிக்கப்பட்டவர் தானாக விலகும் வரை இருக்கலாம். 2014ல், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் பெரிய மோதல் வந்தது. அந்தக் குழுவே சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அந்தக் குழுத் தலைவரின் தீர்மான வாக்கால்தான் முடிவானது. அதற்குப் பிறகும் கசப்பு ஆறவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் குழுவின் நெடுநாள் உறுப்பினர்கள் மூவர் விலகினார்கள். டிசம்பரில் எல்லோரும் வாக்களித்துக் காலவரம்பைக் கொண்டுவந்தார்கள்.

அந்த விதியை நான் பல முறை படித்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஆண்டுதோறும், குழுவில் மிக மூத்த இருவர், குறிப்பிட்ட சில வருடங்களுக்கு மேல் இருந்தவர்களாக இருந்தால், தாமாகவே இறங்கிவிட வேண்டும். இறங்கியவர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வரலாம். அனுபவம் மொத்தமாக ஒரே நாளில் வெளியே போய்விடுமே என்று காலவரம்பை எதிர்க்கிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு இதைவிட அடக்கமான பதிலை நான் பார்த்ததில்லை. நிர்வாகக் குழுவில் எல்லோர் பதவிக்காலமும் ஒரே ஆண்டில் முடிகிற மாதிரி எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பாதிப் பேர் இந்த ஆண்டு, பாதிப் பேர் அடுத்த ஆண்டு என்று வைத்தால் எப்போதும் வழி தெரிந்தவர் நாலு பேர் உள்ளே இருப்பார்கள்.

சரி, நிற்க ஆளே வராவிட்டால்? இந்தக் கேள்விக்கு மழுப்பக் கூடாது. அதே டெபியனில் 2019ல் தலைவர் பதவிக்கு வேட்புமனு நாள் முடியும் வரை ஒருவர்கூட முன்வரவில்லை. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில்! நல்ல வேளையாக, அப்படி நேர்ந்தால் ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும் என்று சாசனத்திலேயே இருந்தது. அந்த வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். நாற்காலி காலியாக இருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகுதான் "நான் நிற்கட்டுமா?" என்று கேட்கத் துணிகிறவர்கள் உண்டு. பழையவரே தொடர்வார் என்று தெரிந்தால் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

பைதான் என்கிற கணினி நிரல்மொழியின் கதை இன்னும் தெளிவு. அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் ஏறக்குறைய முப்பது வருடம் கடைசி வார்த்தை சொல்கிறவராக இருந்தார். 2018 ஜூலையில், ஒரு கடுமையான விவாதத்துக்குப் பிறகு, போதும் என்று விலகினார். அடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. இனி எப்படி நடத்துவது என்று பேசி, வாக்களித்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். கைடோ முதல் குழுவில் இருந்தார், அடுத்த தேர்தலில் ஒதுங்கிக்கொண்டார். மொழி நன்றாகவே ஓடுகிறது. முப்பது வருடத் தலைவர் விலகியும் ஒரு குழுமம் நடக்கும் என்றால், ஆறு வருடச் செயலாளர் விலகினால் நடக்காதா?

காலவரம்புக்குப் பதிலாக வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவைக் காட்டுவேன். அங்கே நிர்வாகி உரிமை பெற்றவருக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் 25 பயனர்கள், அல்லது ஆறு மாதத்துக்குள் 50 பேர் கேட்டுக்கொண்டால், அவர் மறுபடி வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும். பக்கத்தை நீக்குவது, பயனரைத் தடுப்பது போன்ற அன்றாடப் பொறுப்புகளுக்கு இது பொருந்தும். பணமும் ஒப்பந்தமும் கையாளும் நிர்வாகக் குழுவுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயரைப் போட்டு "இவர் மறுபடி நிற்கட்டும்" என்று எழுதுவதற்கு மனம் கடினப்பட வேண்டும்; முகத்தாட்சண்யம் அங்கேயும் வந்து நிற்கும்.

காலவரம்பு வந்தால் அடிக்கடி இடம் காலியாகும். காலி இடத்தின் மேல் வெளியாட்களுக்கும் கண் விழும். 2018ல், தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அறக்கட்டளையில், நிர்வாகக் குழுத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த சுமார் 100 பேர் திடீரென்று உறுப்பினராகப் பதிந்தது பெரிய சர்ச்சையானது. இப்போது அங்கே வாக்களிக்க 90 நாளாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள்: வருடத்தில் 42 நாளாவது வரைபடத்தில் வேலை செய்தவர் சந்தா கட்டாமலே உறுப்பினராகலாம். உழைக்கிறவர்களைப் பட்டியலுக்குள் கொண்டுவருவதுதான் பட்டியலுக்கு உண்மையான காவல். அப்புறம், வாக்கெடுக்கும் மென்பொருளையும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். 2021ல், திறந்த மூல மென்பொருளுக்காக இயங்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பின் தேர்தலில், வாக்குப்பதிவு முறையில் இருந்த ஓட்டையை யாரோ பயன்படுத்தி முடிவையே பாதித்துவிட்டார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலை மறுபடி நடத்தினார்கள்.

இறங்குகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். கடவுச்சொல் பட்டியலைக் கொடுத்துவிட்டால் ஒப்படைத்ததாகாது. பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே புதியவர் தன் கைபேசியில் ஓடிபி வாங்கி உள்ளே நுழைந்து பார்க்கட்டும், வங்கிக்கு ஒரு கடிதம் எழுதட்டும், ஒரு சண்டையைத் தானே தீர்க்கட்டும்.

கடைசியாக, நடைமுறையில் பலர் சறுக்கும் இடம். விதி வந்தால், ஏற்கெனவே இருந்த வருடங்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வரம்பு ஆறு வருடம் என்று வைத்துக்கொள்வோம்; சேர்க்காவிட்டால் பத்து வருடம் இருந்தவருக்கு இன்னும் ஆறு வருடம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஆனால் எல்லோரையும் ஒரே ஆண்டில் இறக்காமல், மூத்தவர்களிலிருந்து இருவர் இருவராக இறக்குங்கள். தீர்மான வரைவை ஒரு மாதம் முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வாக்கெடுப்பை நிர்வாகக் குழுத் தேர்தலோடு சேர்த்து ஒரே நாளில் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் விதியை யாரும் படிக்க மாட்டார்கள். நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே வாக்களிப்பார்கள்.

நன்றி, வணக்கம்.