எம்ஜிபி ஜிடி: மலைநாட்டுக்குக் கூரை போட்ட கார்தான் சரி

காட்சி: பனிமூட்டத்துக்குள் தேயிலை மலைப் பாதை. பச்சை நிற ஜிடி ஒன்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வருகிறது.

வணக்கம். பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த எம்ஜிபி என்று சொன்னதும் எல்லோருக்கும் கண்ணுக்குள் வருவது கூரை இல்லாத இரண்டு சீட் கார்தான். 1962 இல் வந்தது, 1980 வரைக்கும் செய்தார்கள், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர்களில் ஒன்று. அதே காருக்கு இரும்புக் கூரை போட்டு, பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கிற கதவு வைத்து 1965 இல் இன்னொன்று வந்தது, அதுதான் ஜிடி. ஒரே எஞ்ஜின், ஒரே கியர்பெட்டி, முன்பாதி உடம்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் இன்று பழைய காராக விற்கிற விலை என்று வரும்போது ஜிடி பொதுவாகக் கீழேதான். இங்கிலாந்தில்கூட ஒரே வருடத்தில் செய்த, ஒரே நிலையில் இருக்கிற இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் திறந்த காருக்குத்தான் கூடக் கொடுப்பார்கள்.

என்னிடம் இருப்பது ஜிடி. நுவரெலியாவில் வைத்து ஓட்டுகிறேன். பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்கினேன், இந்த மலைக்குச் சரியான எம்ஜிபி இதுதான் என்று முழு மனதாகச் சொல்வேன்.

முதலில் இந்தக் கார் எப்படி வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் திறந்த காருக்கு யாரோ பிறகு ஒரு மூடி செய்து போட்டார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்போது எம்ஜியின் பொது முகாமையாளராக இருந்தவர் ஜோன் தோர்ன்லி. ஆஸ்டன் மார்ட்டின் டிபி2/4 மாதிரி, முதுகு சரிந்து இறங்குகிற, தூரப் பயணத்துக்கு ஏற்ற மூடிய கார் ஒன்று எம்ஜியிலும் வேண்டும் என்பது அவருடைய ஆசை. வடிவத்தை இத்தாலியில் பினின்ஃபரினா என்கிற கார் வடிவமைப்பு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். இந்த முன்கண்ணாடியைக் கொஞ்சம் கவனியுங்கள், திறந்த காரில் இருப்பதைவிட இது உயரம். அந்த உயரத்தைக் கொடுத்ததால்தான் கூரை தலையில் இடிக்காமல், ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியாமல், ஒரே கோடாகப் பின்னால் போய் இறங்குகிறது. பக்கவாட்டில் நின்று அந்தக் கோட்டைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். 1973 இல் எம்ஜி இந்தக் காருக்குள் ரோவரின் மூன்றரை லீட்டர் அலுமினிய வி8 எஞ்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்ஜினை வைத்தது. 1976 வரைக்கும் மொத்தம் 2,591 கார்கள்தான் செய்தார்கள், அத்தனையும் ஜிடி. திறந்த உடம்பில் வி8 போட்டு அந்தக் காலத்தில் அவர்கள் ஒன்றுகூட விற்கவில்லை. தாங்கள் செய்ததிலேயே வேகமான எம்ஜிபிக்குத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்தது எந்த உடம்பை என்று பாருங்கள்.

காட்சி: இறம்பொடைப் பக்கம் கொண்டை ஊசி வளைவு. கமரா ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

சரி, வீதிக்கு வருவோம். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற ஏ5 பாதை உங்களுக்குத் தெரியும். வளைவு, ஏற்றம், நடுவில் ஒட்டுப்போட்ட தார், மழைக்குப் பிறகு விளிம்பு உடைந்து கிடக்கிற இடங்கள். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடம்பைத் தாங்குகிற தனிச் சட்டம் கிடையாது, உடம்புதான் சேசிஸ். திறந்த காரில் மேலே ஒன்றும் இல்லாததால் பாரம் முழுவதும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டிச் சட்டங்களிலும் நடுச் சுரங்கத்திலும்தான் விழுகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கினால் டெஷ்போர்டும் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஒரு நடுக்கம் நடுங்கும், திறந்த கார் ஓட்டினவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஜிடியில் கூரையும் சேர்ந்து பிடித்துக்கொள்வதால் அந்த நடுக்கம் கைக்கு வருவதில்லை. பள்ளத்தில் விழும் சத்தம் கேட்கும், இலைவில்லும் பழைய அச்சும் தங்கள் வேலையைக் காட்டும், ஆனால் ஸ்டியரிங் நீங்கள் பிடித்த இடத்திலேயே நிற்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்கிற பாதையில் இதற்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

பாரம் கூடத்தான், மறைக்க ஒன்றும் இல்லை. ஜிடி நூறு கிலோ அளவுக்குக் கனம், நின்ற இடத்திலிருந்து பிடித்தால் திறந்த கார் முந்திப் போய்விடும். 1934 இலிருந்து நடக்கிற மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு, அங்கே திறந்த காரை எடுங்கள். ஆனால் பதுளைக்கும் ஹட்டனுக்கும் வீட்டு வேலையாகப் போய்வருகிற நமக்கு அந்த ஒரு விநாடி வித்தியாசம் எதற்கு?

அப்புறம் மழை. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. திறந்த காரின் துணிக் கூரையை இழுத்துப் பூட்டி முடிப்பதற்குள் சீட் நனைந்துவிடும், பூட்டிய பிறகும் கண்ணாடி விளிம்பால் சொட்டும், பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல் மங்கிப்போய் வருகிற பஸ் தெரியாது. இந்த ஈரத்தில் துணியில் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுக்கவே முடியாது. ஜிடியில் பின்னாலும் உண்மையான கண்ணாடி. வைப்பரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எஞ்ஜினும் கியர்பெட்டியும் கொடுக்கிற சூடு காலடிக்கு வருகிறது, கண்ணாடி பெரிது, உள்ளே வெந்துபோகிறோம் என்பது ஜிடியைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை. கொழும்பில் அது உண்மைதான், மார்ச் மாதப் பகலில் ஏசி இல்லாத ஜிடிக்குள் உட்கார முடியாது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. விடியற்காலையில் நானுஓயா ஸ்டேசனுக்கு ஆள் ஏற்றப் போகும்போது அதே சூடுதான் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. ஒரு காரின் குறை என்று ஊர் சொல்வதை எந்த ஊரில் நின்று சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

காட்சி: பொனட் திறந்திருக்கிறது. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்ஜினுக்குக் கொடுக்கிற இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களுக்கும் மிக அருகே கமரா.

இப்போது மேலே கொண்டுவந்தால் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை. இது ஜிடிக்கும் திறந்த காருக்கும் பொது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், இங்கே காற்று கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது. எஞ்ஜினுக்குள் போகிற காற்று குறைந்தால் சக்தியும் குறையும், புத்தகத்தில் 95 குதிரைவலு என்று போட்டிருப்பது இங்கே 80 க்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதைப் பற்றிச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோல் தானாகக் குறைவதில்லை. எஸ்யூ கார்புரேட்டர் ஓரளவு தானே சமாளிக்கும், முழுதாக இல்லை. ஹட்டனில் எனக்கு வேலை செய்து தருகிற வயதான பாஸ் முதல் நாளே சைலன்சர் வாயைத் துணியால் துடைத்துக் காட்டிச் சொன்னார்: "தம்பி, கீழ வச்ச செட்டிங்கோட இங்க ஏத்தாதீங்க, பாருங்க எவ்வளவு கரி."

செய்வது கஷ்டமில்லை. எஞ்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் அடியில் ஒரு சின்னத் தூக்கி ஊசி இருக்கிறது, இதோ, விரல் நுனியால் அழுத்தினால் உள்ளே பிஸ்டன் கொஞ்சம் உயரும். ஒரு மில்லிமீற்றர் போதும். எஞ்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. வேகம் விழுந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் போதாது. ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. பெற்றோல் கூடவென்றால் அடியில் இருக்கிற ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை அளவு மேலே ஏற்றுங்கள், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு, பிறகு திரும்ப ஊசியை அழுத்திக் கேளுங்கள். காதால்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் ரேடியோ வேண்டாம். கொஞ்ச நாள் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கறுப்புக் கரி போய் வெளிர் பழுப்பு நிறம் வந்திருக்கும். கொழும்புக்கு இறங்கித் தங்கப் போகிறீர்கள் என்றால் நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், பெற்றோல் போதாமல் கீழே ஓடினால் எஞ்ஜின் சூடேறும்.

கியர் பற்றிச் சுருக்கமாக. 1967 கடைசிக்கு முந்திய கார்களில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓடும்போது கியர் உரசாமல் விழ உதவுகிற அமைப்பு இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஓடிக்கொண்டே முதல் கியர் போட இரண்டு தடவை கிளச் அமர்த்தப் பழக வேண்டும். அதற்குப் பிறகு வந்த மார்க் 2 இல் நான்கு கியருக்கும் சின்க்ரோ உண்டு, மலையில் இருப்பவர்கள் அதைத் தேடுவது நல்லது. ஓவர்டிரைவ், அதாவது எஞ்ஜின் சுற்றைக் குறைத்து ஓட உதவுகிற கூடுதல் கியர் உள்ள கார் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும்போது பெயின்டைப் பார்க்க வேண்டாம், கீழே படுத்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டிச் சட்டம்தான் உயிர். வெளித் தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே மூன்று அடுக்கும் துருப்பிடித்துப் போயிருக்கும். திறந்த காரில் இது போனால் கதவு இடைவெளி மாறி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஜிடியில் கூரை பிடித்துக்கொள்வதால் வெளியே தெரியாது, அதனால் இன்னும் கவனமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் பெட்டரி வைக்கிற கூடு இருக்கிறது, 1974 வரைக்கும் இரண்டு ஆறு வோல்ட் பெட்டரிகள், அந்தக் கூட்டையும் பாருங்கள். பின்கதவின் ரப்பர் செத்திருந்தால் மழைத் தண்ணீர் மட்டுமில்லை, சைலன்சர் புகையும் உள்ளே இழுபடும்.

காட்சி: பின்கதவு மேலே தூக்கியிருக்கிறது. உள்ளே கரட் மூட்டையும் லீக்ஸ் கட்டும்.

இந்தப் பின்கதவுதான் என் வீட்டில் இந்தக் காரை எல்லோரும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம். பின்சீட் பிள்ளைகளுக்கு மட்டும்தான், பெரியவர்கள் உட்கார முடியாது. ஆனால் அதை மடக்கிவிட்டால் இந்த மூட்டை படுத்துக்கொண்டு வரும்.

கடைசியாக ஒன்று. வயது வரம்பு இருப்பதால் இப்படிப் பழைய காரை இனி நினைத்தபடி நாட்டுக்குள் இறக்க முடியாது, இருக்கிறதுதான் இருக்கிறது. அதனால் கூரையை வெட்டித் திறந்த காராக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். திறந்த காரின் கண்ணாடிச் சட்டம் போல்ட் போட்டுப் பூட்டுகிற அலுமினியம், ஜிடியில் அது உடம்போடு சேர்ந்த இரும்பு, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டினால் கையில் மிஞ்சுவது திறந்த காரும் இல்லை, ஜிடியும் இல்லை. அந்தக் காசில் கீழ்ச் சட்டத்தைப் பிரித்து ஒழுங்காக ஒட்டுவியுங்கள். அதை எந்த வரிசையில் பிரிப்பது, வெட்டுவதற்கு முதல் கதவைத் திறக்காமல் உடம்பை எப்படி முட்டுக்கொடுத்து நிறுத்துவது என்பதை அடுத்த வீடியோவில் கராஜிலேயே வைத்துக் காட்டுகிறேன்.