வழிகாட்டி நாய்: எதைச் செய்யும், எதைச் செய்யாது
(தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்வையற்ற ஒருவர் நாயோடு கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போது கடப்பது என்று முடிவு செய்வது நாய் இல்லை. அதற்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. வண்டிச் சத்தத்தைக் காதில் வாங்கி, "போ" என்று சொல்பவர் அவர்தான். அதனால்தான் வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கத் தெரியாதவருக்கு நல்ல பள்ளிகள் நாய் தருவதில்லை. அந்த நேரம் சத்தமே இல்லாமல் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வந்தால், "போ" என்றாலும் நாய் நகராது. கீழ்ப்படியப் பழக்குவது சுலபம்; எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று பழக்குவதுதான் கஷ்டம்.

இந்தப் பயிற்சி முதல் உலகப் போரிலிருந்து பிறந்தது. எம்டன் கப்பல் 1914ல் நம் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதே, அதே போர்தான். அதில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916ல் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறந்தார்கள்.

நாயின் உடம்பில் மாட்டும் வார்ப்பட்டைதான் ஹார்னஸ். அதன் கைப்பிடி ஏன் கயிறாக இல்லாமல் விறைப்பாக இருக்கிறது? நாயின் தோள் கொஞ்சம் திரும்பினாலும், வேகம் குறைந்தாலும் உடனே கைக்குத் தெரிய வேண்டும். கயிறு தொய்ந்தால் ஒன்றும் தெரியாது.

தலைக்கு மேல் உள்ள தடைதான் பெரிய தலைவலி. எம்.சி. ரோட்டில் கடைக்கு முன்னால் கம்பு வைத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாய் தன் உயரத்துக்குக் கணக்குப் போட்டு அடியில் புகுந்துவிடும்; கூட வருபவருக்கு நெற்றி இடிக்கும். பயிற்சியாளர் அந்த இடத்திலேயே நின்று, கம்பைக் கையால் தட்டிக் காட்டுவார். நாலடி பின்னால் போய் மறுபடி நடப்பார். நாய் முன்கூட்டியே நின்றாலோ ஒதுங்கிப் போனாலோ அந்த நொடியே தீனி. கொஞ்சம் தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. கம்பில் படித்ததைக் கயிற்றுக்கோ லாரியின் பின்கதவுக்கோ நாய் தானாகப் பொருத்திக்கொள்ளாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

குட்டி பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குடும்பத்தில் வளரும். பிறகு சில மாதம் பள்ளி. கடைசியில் உரியவரோடு சில வாரம். எல்லா நாயும் தேறாது. கன்டெய்னர் லாரியின் ஏர் ஹாரனுக்கு மிரளும் நாய் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

வழிகாட்டுவதற்கு மட்டுமல்ல, வேறு உதவிகளுக்கும் நாயைப் பழக்குகிறார்கள். காது கேளாதவருக்கு நாய் மூக்கால் தொட்டு, அழைப்பு மணி அடிக்கும் கதவுக்குக் கூட்டிப்போகும். சக்கர நாற்காலிக்காரருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தரும். போரின் பாதிப்பு மனதில் தங்கிவிட்ட முன்னாள் ராணுவத்தினருக்கு வேலை வேறு. தூக்கத்தில் அவர் கை காலை உதறினால் எழுப்பும், விளக்கு சுவிட்சைத் தட்டும், மார்பிலோ மடியிலோ பாரமாகப் படுக்கும். மருந்தையும் மருத்துவரையும் அதனால் விட்டுவிட முடியாது. சும்மா பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவது நல்லதுதான், ஆனால் அது பயிற்சி பெற்ற வேலை ஆகாது.

நம் ஊருக்கு முதல் பிரச்சினை வெயில். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லையா, நாயின் பாதமும் தாங்காது. மே மாதத்தில் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நடை. உண்ணிக் காய்ச்சலும் இங்கே சகஜம். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவறக்கூடாது.

அடுத்தது தெரு நாய்கள். கல்லெறிந்தால் வேலையில் இருக்கும் நாயும் சேர்ந்து மிரளும். இரண்டுக்கும் நடுவில் நின்றாலே பாதி வேலை முடிந்தது. ஹார்னஸ் போட்ட நாயைக் கொஞ்சாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். உதவி செய்ய நினைத்தால் நாயைப் பிடித்து இழுக்காமல், ஆளிடம் பேசுங்கள்.

ஹார்னஸோடு ஒரு நாய் ஆளில்லாமல் உங்களிடம் வந்து போகாமல் நின்றால், விரட்டாமல் அதன் பின்னால் போய்ப் பாருங்கள். அவர் எங்காவது விழுந்து கிடக்கலாம். அப்படியிருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நாயை அவர் பக்கத்திலேயே இருக்க விடுங்கள்.