வலையில் பந்து போட வந்தவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். டெஸ்ட் சுற்றுப்பயணம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எதைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஜனவரியில் முடிந்த, இந்தியக் கிரிக்கெட் அணியின் ஆஸ்திரேலியப் பயணம்தான். எனக்கு நினைவு தெரிந்து ஒரு தொடருக்காக நான் இவ்வளவு தூக்கம் கெட்டதும் இல்லை, இவ்வளவு கண் கலங்கியதும் இல்லை.

அடிலெய்டில் முதல் டெஸ்ட். பகலிரவு ஆட்டம், பிங்க் பந்து. மூன்றாம் நாள் சனிக்கிழமை. இந்தியாவுக்கு 62 ரன் முன்னிலை, கையில் ஒன்பது விக்கெட். நிம்மதியாகக் காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஸ்கோர் 15-இல் நிற்கும்போதே நாலு விக்கெட் அடுத்தடுத்து விழுந்தது. காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. மொத்தம் 36. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. மயங்க் அகர்வாலின் 9 தான் அதிகபட்சம். ஆஸ்திரேலியாவின் ஹேசில்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட். இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர். அதுவரை இருந்தது 1974-இல் லார்ட்ஸில் எடுத்த 42. டெஸ்டில் தோற்றோம். போதாததற்கு வேகப்பந்து வீச்சாளர் ஷமிக்குக் கை எலும்பு முறிந்தது. முதல் குழந்தை பிறக்கவிருந்ததால் கேப்டன் கோலியும் ஊருக்குக் கிளம்பினார்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளூரில் தொடர் நடந்தால், ஒருவருக்கு அடிபட்டதும் போன் போட்டு இன்னொருவரை வரவழைத்துவிடலாம். மறுநாளே வந்து நிற்பார். வெளிநாட்டுப் பயணம் அப்படி இல்லை. அதுவும் அது கொரோனா காலம். ஆஸ்திரேலியாவுக்குள் வந்தால் 14 நாள் தனிமை. அதனால் ஒருநாள் ஆட்டத்துக்கும் டி20-க்கும் போனவர்கள் சிலரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். எதற்கு? வலைப்பயிற்சியில் பந்து போட. நெட் பவுலர் என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். ராகுலும் ரஹானேவும் ஆட, இவர் நாள் முழுக்கப் பந்து போடுவார். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போவார். ஆட்டம் நடக்கும்போது பெயர்ப் பட்டியலில் இருக்க மாட்டார். இந்தத் தொடரைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு இவர்களுக்குத்தான் என்பேன்.

இரண்டாம் டெஸ்ட் மெல்பர்னில், ரஹானே கேப்டன். அவருடைய 112-ம், பும்ராவும் அஷ்வினும் போட்ட பந்தும் சேர்ந்து எட்டு விக்கெட்டில் வெற்றி. வேகப்பந்து வீச்சாளர் சிராஜுக்கு அதுதான் முதல் டெஸ்ட். நவம்பரில், அவர் ஆஸ்திரேலியாவில் தனிமையில் இருந்தபோது, ஹைதராபாதில் அப்பா காலமாகிவிட்டார். ஆட்டோ ஓட்டி மகனை ஆளாக்கிய அப்பா. ஊருக்குப் போகலாம் என்று வாரியம் சொல்லியும் சிராஜ் போகவில்லை. அடுத்து சிட்னியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, சிட்னிக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் உச்சம் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் கடைசியில் கிடைத்த வெற்றி இல்லை, சிட்னி டிராதான். இலக்கு 407. கடைசி நாளில் பந்த் 97 அடித்து நம்பிக்கை கொடுத்தார். அவரும் புஜாராவும் போன பிறகு ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 272. இனி யார்? கட்டை விரல் உடைந்த ஜடேஜா. அப்புறம் பந்து போடுபவர்கள். களத்தில் நின்றது விஹாரியும் அஷ்வினும். விஹாரிக்குத் தொடையின் பின்தசை கிழிந்துவிட்டது. ஒரு ரன் எடுக்கவே நொண்டினார். அஷ்வினுக்கு முதுகு பிடித்து, அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியவில்லை. அந்த மனிதருக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸ் நெஞ்சைக் குறிவைத்துப் போட்டார். விலா எலும்பில் அடி வாங்கினார். வாங்கிக்கொண்டு மறுபடி நின்றார். ஸ்டம்பில் பொருத்தியிருந்த மைக்கில் நம் தமிழ் கேட்டது: அஷ்வின் விஹாரியை மாமா என்று கூப்பிட்டு, பத்துப் பத்துப் பந்தாக ஆடலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே பத்துப் பத்தாக 259 பந்து! சேர்த்த ரன் 62 தான். விஹாரி 161 பந்தில் 23, அஷ்வின் 128 பந்தில் 39, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது நான் எழுந்து நின்று கை தட்டினேன், வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த டிராவுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிரிஸ்பேனுக்கு விஹாரி இல்லை, அஷ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, பும்ரா இல்லை. ஷமியும் உமேஷும் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான்கு டெஸ்டிலும் ஆடியவர்கள் ரஹானே, புஜாரா இருவர் மட்டுமே. தொடர் முழுக்க இருபது பேரைக் களமிறக்க வேண்டி வந்தது. ஆடப் போவதோ காபா. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானம். நம் பந்துவீச்சாளர்கள் ஐந்து பேரும் சேர்ந்து அதுவரை ஆடியிருந்தது மொத்தம் நாலே டெஸ்ட். அதில் தாக்கூரின் ஒரு டெஸ்ட், பத்துப் பந்து போட்டதுமே அடிபட்டு வெளியேறிய டெஸ்ட்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அன்றைக்கு இந்தியத் தொப்பி. நெட் பவுலராக விமானம் ஏறியவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். நவம்பரில் பிறந்த மகளை அவர் இன்னும் நேரில் பார்க்கவே இல்லை. ஐபிஎல் முடிந்து துபாயிலிருந்து நேராகப் போனவர். அவரோடு சேர்ந்து தொப்பி வாங்கினார் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். டி20 முடிந்தும் வலையில் பந்து போட நிறுத்திவைக்கப்பட்டவர். முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கும் சுந்தருக்கும் தாக்கூருக்கும் தலா மூன்று விக்கெட். சுந்தரின் முதல் டெஸ்ட் விக்கெட் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பெரிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித்!

பிறகு இந்தியா 6 விக்கெட்டுக்கு 186. அவ்வளவுதான் என்று நினைத்தேன். சுந்தரும் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். கம்மின்ஸ் பந்தை சிக்ஸர் அடித்துத்தான் தாக்கூர் கணக்கையே தொடங்கினார். இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜுக்கு ஐந்து விக்கெட்.

கடைசி நாள் இலக்கு 328. கில் 91 அடித்தார், பந்த் 89 அடித்து முடித்துவைத்தார். அதெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டவை. நான் சொல்ல விரும்புவது புஜாராவை. 211 பந்தில் 56. ஹெல்மெட்டில், தோளில், விலாவில், விரலில் என்று உடம்பெல்லாம் அடி. விரலில் பட்டபோது மட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துவிட்டார். பிசியோ வந்து பார்த்தார். புஜாரா எழுந்தார், கையுறையை மாட்டினார், அடுத்த பந்துக்கு நின்றார். அவர் வாங்கிய அடி இல்லாமல் பந்த் அடித்த அடி இல்லை. பதினெட்டுப் பந்து மிச்சமிருக்கும்போது வெற்றி. தொடர் 2-1 என்று நமக்கு.

நாடு திரும்பிய சிராஜ் விமான நிலையத்திலிருந்து நேராக அப்பாவின் கல்லறைக்குப் போனார். அதற்கு முன்னால், காபாவில் பரிசு கொடுத்தபோது ரஹானே கோப்பையை வாங்கினார். வாங்கியதும் தான் வைத்துக்கொள்ளவில்லை, திரும்பி நடராஜன் கையில் கொடுத்தார். நடராஜன் அதைத் தூக்கிப் பிடித்தார். அணி மொத்தமும் அவரைச் சுற்றி நின்று கத்தியது.