கற்புக்கு வழியில்லாத களவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்குள் மறைவாக நடக்கும் காதலைத் தொலைக்காட்சித் தொடர்கள் காட்டியது அந்த மக்களுக்கு நன்மையா, தீமையா? நன்மை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். ஏற்கெனவே நிறத்தைப் பார்த்தே சந்தேகப்படும் நாட்டில், கறுப்பின ஆணை மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு ஆணைத் தேடிப் போகிறவனாகத் திரையில் காட்டினால் "இவர்களே ஏமாற்றுக்காரர்கள்" என்றுதானே பார்ப்பவர் மனதில் பதியும் என்றார். நியாயமான கவலை, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணம் எப்போது பதிந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

"டவுன் லோ" என்று ஒரு வழக்கு கறுப்பின மக்களிடம் உண்டு, சுருக்கமாக டிஎல் என்பார்கள், கமுக்கமாக என்று பொருள். ஆண், பெண் கள்ள உறவுக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் டிஎல் ஆண்களைப் பற்றி நீளமான கட்டுரை வந்தது, அடுத்த வருடமே ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேச்சு நிகழ்ச்சியில் ஜே.எல். கிங் என்பவர் உட்கார்ந்து, மனைவி இருக்கும்போதே ஆண்களோடு உறவு வைத்திருந்த தன் கதையைச் சொன்னார். அவ்வளவுதான். கறுப்பினப் பெண்களுக்கு எச்ஐவி வருவதற்குக் காரணம் இந்த மறைவு ஆண்கள்தான் என்று நாடு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2005-இல் கிரெகரி மில்லெட்டும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அந்தப் பழியை அப்படியே இவர்கள் தலையில் சுமத்த ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். அதை எத்தனை பேர் படித்தார்கள்? பயம் ஓடிய வேகத்தில் ஆய்வு ஓடவில்லை. இதெல்லாம் நடந்தபோது அந்த மனிதனை மனிதனாகக் காட்டிய தொடர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. செய்தியிலும் பேச்சு நிகழ்ச்சியிலும் அவன் ஒரு நோய்க்கிருமி மாதிரிதான் வந்துபோனான்.

அப்புறம்தான் 2007-இல் "தி டிஎல் கிரானிக்கிள்ஸ்" வந்தது. பெரிய சேனல் எதிலும் இல்லை, ஹியர் என்ற சின்னக் கட்டணச் சேனலில். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆணின் பெயர்தான் தலைப்பு. வெஸ், ராபர்ட் என்று. அதுவரை "டிஎல் ஆண்கள்" என்று மொத்தமாகத் திட்டப்பட்டவர்களுக்கு, ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பெயர் வந்த பிறகு அவனுக்கு வேலை வந்தது, வீடு வந்தது, பயம் வந்தது, அவன் யாரை நேசிக்கிறான் என்பதும் வந்தது.

நண்பர் இன்னொன்றும் சொன்னார்: ஒளிந்து வாழ்வதை ஏன் காட்ட வேண்டும், வெளிப்படையாக வாழ்கிறவர்களைக் காட்டலாமே என்று. காட்டினார்களே! 2001-இல் தொடங்கிய "சிக்ஸ் ஃபீட் அண்டர்" தொடரில் கீத் சார்லஸ் என்ற கறுப்பினப் போலீஸ்காரர் ஒளிக்காமல் வாழ்கிறார், அவரை மறைத்து வைப்பது அவருடைய வெள்ளைக்காரக் காதலர்தான். மறைவு என்பது கறுப்புத் தோலின் குணம் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். 2005-இல் வந்த "நோவாஸ் ஆர்க்" தொடரில் நான்கு கறுப்பின நண்பர்கள் லாஸ் ஏஞ்சலஸில் சிரித்துச் சண்டை போட்டுக் காதலித்து வாழ்ந்தார்கள். இரண்டே பருவங்களில் நிறுத்திவிட்டார்கள். இவை இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வெளியே வர முடியாதவன் ஒருவன் தன் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிறானே, அவனுக்கு அவன் கதையும் வேண்டும் இல்லையா?

கதவு ஏன் பூட்டப்படுகிறது என்பதைக் காட்டியதுதான் இந்தத் தொடர்கள் செய்த உண்மையான வேலை. "எம்பயர்" தொடரின் முதல் பகுதியில் ஒரு காட்சி. சின்னப் பையன் ஜமால் அம்மாவின் ஹீல்ஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குள் நடந்து வருகிறான். செருப்பு பெரிசு, கால் சின்னது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா எழுந்து அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் குப்பைத் தொட்டிக்குள் போடுகிறார். அம்மா பின்னாலேயே ஓடிப் போய்ப் பிள்ளையை எடுக்கிறாள். இது தன் வாழ்க்கையில் தனக்கே நடந்தது என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லீ டேனியல்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் காதலை மறைத்தால் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஜமால் முதல் பருவத்திலேயே, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், அப்பா எழுதிய பாட்டின் வரியையே மாற்றிப் பாடித் தான் யார் என்று சொல்லிவிடுகிறான். அந்தப் பருவத்தின் கடைசி நாளன்று சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். அதில் எத்தனை அப்பாக்கள் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு அடுத்தது தேவாலயம். "போஸ்" தொடரின் கடைசிப் பருவத்தில் பிரே டெல் என்ற கறுப்பின ஆண், உடம்பில் எச்ஐவி நோயோடு பிட்ஸ்பர்க்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறான். அங்கே வெர்னனைப் பார்க்கிறான். சின்ன வயதில் இவன் காதலித்த அதே வெர்னன், இப்போது சபையின் போதகர். ஒருவன் ஊரைவிட்டுப் போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான், இன்னொருவன் ஊரிலேயே இருந்து தன்னைப் புதைத்துக்கொண்டான். யாரைக் குறை சொல்வீர்கள்? அந்த மக்களுக்கு அடிமைக் காலத்திலிருந்து தேவாலயம்தான் பள்ளிக்கூடம், பாட்டு, அரசியல் எல்லாமே. அதை இழப்பது என்றால் உறவுகள் மொத்தத்தையும் இழப்பது.

நம் அகப்பாடல்களில் களவு என்று சொல்வோமே, அது திருட்டா? ஊருக்குத் தெரியாமல் வளரும் காதல். ஊர் மோப்பம் பிடித்து முணுமுணுக்க ஆரம்பித்தால் அலர். அலர் எழுந்ததும் தலைவி கலங்குவாள், தோழி தலைவனை அவசரப்படுத்துவாள், சீக்கிரம் வந்து மணந்துகொள் என்று. களவுக்கு அந்தப் பக்கம் கற்பு என்ற வாசல், அதாவது ஊரறிந்த மணவாழ்க்கை, இருந்தது. இந்த ஆண்களுக்கு அந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. டெக்சாஸில் 1998-இல் வீட்டுக்குள் புகுந்து போலீஸ் கைது செய்த இரண்டு ஆண்களில் ஒருவரான டைரன் கார்னர் கறுப்பினத்தவர். அந்த வழக்கில்தான் 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய சட்டத்தையே ரத்து செய்தது. திருமண உரிமை நாடு முழுக்க வந்தது 2015-இல். அதுவரைக்கும் களவு களவாகவே கிடந்து, அலர் மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

அலர் என்ன செய்யும் என்பதற்கு பேயார்ட் ரஸ்டினைச் சொல்லாமல் விட முடியாது. மார்ட்டின் லூதர் கிங் "எனக்கொரு கனவு" என்று பேசிய 1963 வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்தவர். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. 1960-இல் ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பினத் தலைவரே, கிங்குக்கும் ரஸ்டினுக்கும் உறவு என்று பொய் வதந்தி கிளப்புவேன் என்று மிரட்ட, ரஸ்டின் கிங்கைவிட்டு விலகினார். பேரணிக்குச் சில நாள் முன்னால் செனட்டிலேயே செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், ஆணோடு இருந்ததற்காக ரஸ்டின் முன்பு கைதானதை இழுத்துப் பேசினார். இந்த மாதிரித் தலைவருக்கே இந்தக் கதி என்றால், கடையிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவன் வாயைத் திறப்பானா?

சரி, மனைவிகள்? எதிரணி இதைத் தொட்டபோது எனக்கு வலித்தது, ஏனென்றால் அது உண்மை. தி டிஎல் கிரானிக்கிள்ஸில் வரும் வெஸ் கதையில் மனைவியின் தம்பியே வீட்டுக்கு வந்து தங்க, அங்கேதான் எல்லாம் சிக்கலாகிறது. அந்தப் பெண் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. சில தொடர்கள் அவளை அழுதுவிட்டுப் போகும் ஆளாக வைத்து முடித்துவிடுகின்றன, அது தப்பு, என் அணியில் இருந்துகொண்டே சொல்கிறேன். ஆனால் அவளுக்கும் ஒரு பதில் வேண்டும் என்றால், அவள் கணவன் ஏன் பொய் சொன்னான் என்ற கதை சொல்லப்பட வேண்டும். மூடி வைத்தால் அவள் கடைசிவரை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

பிரே டெல்லாக நடித்த பில்லி போர்ட்டர் 2019-இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். நாடகத் தொடரின் முன்னணி நடிகருக்கான அந்த விருதை வெளிப்படையாக வாழும் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர் வாங்கியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு வெளிப்படையான மனிதர் 2021-இல், 14 வருடமாகத் தனக்கு எச்ஐவி இருந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததாக வாய்திறந்தார். அந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான் தன் உண்மையைப் பேசிக்கொண்டிருந்தேன் என்றார். நடித்தவருக்கே அந்தப் பாத்திரம் வாசலாக இருந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. தி டிஎல் கிரானிக்கிள்ஸை உருவாக்கிய குவின்சி லெனியரும் டியாண்ட்ரே காஸெட்டும் காதலர்கள். 2014 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சலஸில் கிராமி விருது விழா. மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, அரங்கத்துக்குள்ளேயே 33 ஜோடிகளுக்குப் பாடகி குயின் லத்தீஃபா திருமணம் செய்துவைத்தார், உலகமே நேரலையில் பார்த்தது. அந்த 33 ஜோடிகளில் இவர்களும் இருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.