நனையாத கைக்குட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

எர்னஸ்ட் ஹெமிங்வே என்றதும் நம்மில் பலருக்கு 'கடலும் கிழவனும்' நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதற்கு வெகுமுன்பு, 1929-இல், அவர் எழுதிய 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' பற்றி. முதல் உலகப் போர்க்காலக் காதல் கதை. "கைக்குட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்" என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் கொடுத்தார். வைத்துக்கொண்டேன். மடிப்புக்கூடக் கலையவில்லை.

கதை எளியது. இத்தாலியப் படையில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருக்கிறான் ஃபிரெடரிக் ஹென்றி என்ற அமெரிக்க இளைஞன். கேத்தரின் பார்க்லி அங்கே வந்திருக்கும் ஆங்கிலேயச் செவிலி. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் சோம் போர்க்களத்தில் செத்துப்போனான். முதல் சந்திப்பில் அவள் கையில் ஒரு பிரம்பு இருக்கிறது. இறந்தவனுடையது. அந்தப் பிரம்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடடா, இவள் கதையைக் கேட்கப்போகிறோம் என்று.

கேட்கவில்லை. மிலான் மருத்துவமனையில் காதல் கனிந்ததும் கேத்தரின் என்ற ஆளே கரைந்துபோகிறாள். உனக்கு என்ன வேண்டுமோ அதுவே எனக்கும் வேண்டும், நான் என்று தனியாக ஒருத்தி இல்லை என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறாள். துக்கத்தில் பித்துப்பிடித்தவள், அப்படித்தான் பேசுவாள் என்று வாதாடுபவர்கள் உண்டு. தொடக்கத்தில் அது சரி. முந்நூறு பக்கத்துக்கு அந்த வாதம் தாங்காது.

இதே நாவலில்தான், மகிமை, தியாகம் போன்ற பெரிய சொற்களைக் கேட்டாலே கூச்சமாயிருக்கிறது, ஊர்ப் பெயர்களுக்கும் சாலை எண்களுக்கும்தான் மதிப்பு மிஞ்சியிருக்கிறது என்கிறான் ஹென்றி. போரைச் சொல்லும்போது அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார் ஆசிரியர். 1917 அக்டோபரில் கபொரெட்டோவிலிருந்து இத்தாலியப் படை பின்வாங்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். மழை. சேற்றில் புதைந்த வண்டிகள். தாலியமெந்தோ ஆற்றுப் பாலத்தில் சொந்த அதிகாரிகளையே விசாரித்துச் சுட்டுத்தள்ளும் காவலர்கள். ஹென்றி ஆற்றில் குதிக்கும்போது நமக்கும் குளிர் தட்டுகிறது. காதல் வந்ததும் மறுபடி பெரிய சொற்கள்!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பின்வாங்கலை ஹெமிங்வே பார்க்கவே இல்லை. அவர் இத்தாலிக்குப் போனதே 1918-இல். ஜூலை 8-ஆம் தேதி காயம்பட்டார், வயது பதினெட்டு. மிலான் மருத்துவமனையில் ஆக்னஸ் ஃபான் குரோவ்ஸ்கி என்ற செவிலியைக் காதலித்தார். ஆக்னஸ் அவரைவிட ஏழு வயது மூத்தவர். மறு ஆண்டு, வேண்டாம் என்று ஆக்னஸே கடிதம் எழுதி முடித்துக்கொண்டார். பார்க்காத போருக்கு உயிர் வந்தது. பட்ட காதல் பொம்மையாட்டமாகிவிட்டது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை, வேண்டாம் என்று சொல்லவே தெரியாத பெண்ணாக்கி எழுதிவிட்டாரோ? இது என் ஊகம்தான்.

முடிவு மட்டும் விதிவிலக்கு. இருவரும் தப்பிப் போய்ச் சேர்ந்த சுவிட்சர்லாந்தில், லொசான் மருத்துவமனையில், கேத்தரினின் பிரசவம் சிக்கலாகிறது. வலி குறைக்கும் வாயுக் கருவியின் முள்ளை ஹென்றியே திருப்பிக் கூட்டுகிறான். குழந்தை இறந்தே பிறக்கிறது. அதன்பிறகு பசித்து, வெளியே போய்ப் பன்றி இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டு பீர் குடிக்கிறான். திரும்பினால் கேத்தரினுக்கு ரத்தப்போக்கு. அதிலேயே செத்துப்போகிறாள். அந்தச் சாப்பாட்டுத் தட்டு என்னை உலுக்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே நான் பரிதாபப்பட்டது அவனுக்காகத்தான். அவளை எனக்குத் தெரியவே தெரியாதே!

இந்த நாவலில் எனக்குப் பிடித்தவள் ஹெலன் ஃபெர்குசன். கேத்தரினின் தோழி. பிரசவத்துக்கு வெகுமுன்பு, இத்தாலியில் ஸ்ட்ரெசா என்ற ஊரில், இவளைக் கர்ப்பமாக்கி இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாயே என்று ஹென்றியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, தானே அழுகிறாள். கேத்தரினுக்காக யாராவது கோபப்பட்டார்கள் என்றால் அவள் ஒருத்திதான். ஹென்றி மழையில் நனைந்துகொண்டே ஓட்டலுக்கு நடந்து போவதோடு கதை முடிகிறது. ஃபெர்குசனுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அதற்கு ஒரு வரி இல்லை.

வணக்கம்.